மெஷினைவிடத் தாளைப் பார்த்து வாங்கு

நாட்றம்பள்ளி

அன்புள்ள மாப்பிள்ளை சரவணனுக்கு,

நீ வாங்கப் போகிற மெஷின் பட்டியலை உன் அத்தை போனிலிருந்து படித்துக் காட்டினாள். பெல்ட் சாண்டர், ஆர்பிட்டல், ரேண்டம் ஆர்பிட்டல், முக்கோண மூக்கு வைத்த சின்னது, கிரைண்டர், அதற்கு ஃபிளாப் டிஸ்க். ஹைவே ஓர ஷெட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு இதையும் வாங்கினால் மரம் வாங்க என்ன வைத்திருக்கிறாய்? இப்போதைக்கு ஒன்று போதும். 125 மில்லிமீட்டர் பேட் உள்ள ரேண்டம் ஆர்பிட்டல். மற்றதெல்லாம் வேலை வந்து கேட்கட்டும், அப்போது பார்க்கலாம்.

ஏன் அது என்று உனக்குப் புரியவைப்பது சுலபம். ஆம்பூர் தோல் ஆலையில் பஃபிங் செக்‌ஷனில் நின்றவன் நீ. உருளையில் எமரித்தாளைச் சுற்றி மாட்டியிருக்கும். அது சுற்றுவதோடு நிற்காமல் இடமும் வலமுமாகக் கொஞ்சம் ஆடவும் செய்யும். ஆடாவிட்டால் தோலில் கோடு கோடாக விழுந்துவிடும். ரேண்டம் ஆர்பிட்டலிலும் அந்தச் சூட்சுமம்தான். பேட் சின்ன வட்டத்தில் ஆடிக்கொண்டே தன்போக்கில் சுற்றவும் செய்கிறது. அதனால் தாளில் ஒட்டிய ஒரே மணல் ஒரே தடத்தில் திரும்பத் திரும்பப் போவதில்லை. மர ரேகைக்குக் குறுக்கே போனாலும் கீறல் கண்ணுக்குத் தெரிவது குறைவு. நிலையும் சட்டமும் சேரும் மூலையில் ஒன்றின் ரேகை நெடுக்கே, மற்றதன் ரேகை குறுக்கே ஓடும். அங்கே கையால் தேய்ப்பவன் படும் பாட்டை உன் தாத்தாவிடம் நீ பார்த்திருப்பாய்.

ஒன்று மட்டும்: அழுத்தாதே. மெஷினின் எடையே போதும். அழுத்தினால் பேட் சுற்றுவது நின்று, வெறுமனே ஆடத் தொடங்கும். பன்றிவால் மாதிரி சுருள் சுருளாகக் கீறல் விழும். சூடேறி, தாளைப் பிடித்திருக்கும் வெல்க்ரோ கொக்கிகள் உருகித் தாள் பறக்கும். ஓர் அடி தூரம் நகர்த்தப் பத்துப் பன்னிரண்டு நொடி எடுத்துக்கொள். பையன்களுக்கு இது ஆமை வேகமாகத் தெரியும். வேகமாகத் தேய்த்துவிட்டு இன்னொரு தரம் தேய்ப்பதைவிட இது சீக்கிரம் முடியும்.

கிரைண்டரைப் பற்றி நீ கேட்காவிட்டாலும் சொல்லத்தான் வேண்டும். நம் பக்கம் பல பட்டறைகளில் சாண்டர் என்றால் கிரைண்டர்தான். நாலு அங்குல கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். தட்டைச் சாய்த்துத்தான் பிடிக்க முடியும், அதனால் ஓரம் மட்டும் மரத்தில் படும். பட்ட இடம் பள்ளம். தேய்க்கும்போது தெரியாது. பாலிஷ் ஏறிய பிறகு, சாயங்கால வெயில் கதவின் மேல் சாய்ந்து விழும்போது பிறை பிறையாகத் தெரியும். அதற்குள் கதவு வீட்டுக்காரர் வாசலில் மாட்டியிருக்கும். வேர்க்கட்டை, பழைய உத்திரம், இரும்பு கேட் என்று வந்தால் கிரைண்டரை எடு. தேக்குக் கதவுப் பக்கம் வேண்டாம்.

பெல்ட் சாண்டர் நல்ல சாமான்தான். பலகைகளை ஒட்டி மேஜை செய்தால் மேடு பள்ளத்தை அது ஒரே வீச்சில் சமப்படுத்தும். ஆனால் உன் தாத்தாவின் இழைப்புளி பரணில் இருக்கிறது. அதன் நாக்கைத் தீட்டிக்கொண்டால் முதல் ஆறு மாத வேலைக்கு அதுவே போதும். பின்னால் வாங்கினாலும் வெனீர் ஒட்டிய பிளைவுட் மேல் பெல்ட்டை வைக்காதே. மேல் ஏடு பெரும்பாலும் அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். இமைப்பதற்குள் அடிப் பிளை பல்லிளிக்கும், அதற்குப் பிறகு மருந்து கிடையாது. இரண்டாவது மெஷின் என்று ஒன்று வாங்குவதானால், தாளைக் கிளிப்பில் மாட்டும் சாதா ஆர்பிட்டலைப் பார். 230க்கு 280 முழுத்தாளை மூன்றாகவோ நாலாகவோ கிழித்து மாட்டலாம், மூலை வரை போகும், பாலிஷுக்கு முன் பூசும் சீலர் மேல் தேய்க்க வாகாக இருக்கும்.

இப்போது தாள். மெஷினுக்கு ஒரு தரம்தான் பணம் கொடுப்பாய். தாளுக்கு வாரா வாரம் கொடுக்க வேண்டும். அதனால் எல்லோரும் தாளில்தான் கையைச் சுருக்குகிறார்கள். மழுங்கிய தாள் மரத்தை வெட்டாது, வெறுமனே பளபளப்பாக்கும். பிறகு ஸ்டெயின் சாயம் திட்டுத் திட்டாக ஏறும்.

நல்ல தாளுக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1954இல் முருகப்பா குழுமம் அமெரிக்காவின் கார்போரண்டம், இங்கிலாந்தின் யுனிவர்சல் கிரைண்டிங் வீல் கம்பெனிகளோடு சேர்ந்து சென்னையில் தொடங்கியதுதான் கார்போரண்டம் யுனிவர்சல். எந்தக் கம்பெனித் தாளானாலும் வாங்கும்போது முதுகைப் படி. மரத்துக்கு அலுமினியம் ஆக்சைடு. கறுப்பாக இருக்கும் வாட்டர் பேப்பர் சிலிக்கன் கார்பைடு. அதைப் பாலிஷுக்கும் பெயிண்டுக்கும் வைத்துக்கொள். வெள்ளைப் பொடி பூசின மாதிரி இருப்பது சீலர் மேல் தேய்க்க. பிசுபிசுப்பு அதில் சீக்கிரம் அடையாது. மணலை நெருக்கமாகத் தூவாமல் இடைவெளி விட்டுத் தூவிய தாளும் உண்டு. தேக்கு மாதிரி எண்ணெய் மரத்துக்கு அதைக் கேள். கடைந்த கால், வளைவு என்றால் காகிதம் ஒடியும், துணி முதுகு உள்ளதை வாங்கு. அதிலும் ஜே என்று போட்டது நன்றாக மடங்கும், எக்ஸ் என்றால் விறைப்பு.

நம்பரில் ஒரு சங்கதி. சில தாளில் எண்ணுக்கு முன்னால் 'பி' இருக்கும், சிலதில் இருக்காது. பி போட்டது ஐரோப்பியக் கணக்கு. 220 வரைக்கும் பெரிய வித்தியாசமில்லை. அதற்கு மேல் இரண்டும் பிரிந்துவிடும். பி இல்லாத அமெரிக்கக் கணக்கு 320, ஏறக்குறைய பி 400 அளவுக்கு நைசு. கலந்து வாங்கிவிட்டு, ஒரே 320 தேய்த்தும் இரண்டு கதவு இரண்டு மாதிரி வருகிறதே என்று தலையைப் பிய்த்துக்கொள்ளாதே.

படியைத் தாண்டாதே. இழைப்புளித் தடம் இருந்தால் 80, பிறகு 120, பிறகு 180, தேவைப்பட்டால் 220. பி 80 தாளின் மணல் ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர் பருமன். பி 220இல் அது மூன்றில் ஒரு பங்குதான். 80 கீறிய பள்ளத்தின் அடியை 220 தொடுவதற்குள் தாள் செத்துவிடும். ஒவ்வொரு நம்பருக்கும் முன்னால் பலகை முழுக்கப் பென்சிலால் லேசாகக் கிறுக்கு. கிறுக்கல் எல்லாம் போனபின் நம்பரை மாற்று. மாற்றும் முன் பலகையைத் துடை. பழைய மணல் ஒன்று கிடந்தால் அடுத்த தாளின் அடியில் உருண்டு அதன் வேலையைக் காட்டும். ஸ்டெயின் அடிப்பதானால் 220க்கு மேல் போகாதே. பலகையின் வெட்டு முகத்தை மட்டும் ஒரு நம்பர் கூடத் தேய்த்து வை, அது சாயத்தை அதிகம் குடிக்கும்.

மரம் மரமாகச் சொல்லக் கடிதம் போதாது. வேங்கைத் தூசியை மட்டும் ஈரக்கையோடு தொடாதே. மஞ்சளாகக் கறைபடும், பக்கத்தில் வெள்ளைச் சுவர் இருந்தால் அதிலும் ஒட்டும். தேக்கு தாளை அடைத்துக்கொண்டால் தூக்கி எறியாதே. ஷூ யூனிட்டில் வெட்டிக் கழித்த க்ரேப் ரப்பர் சோல் துண்டு உனக்குத் தெரிந்த இடத்தில் கிடைக்கும். மெஷின் ஓடும்போது அதைத் தாளின் மேல் ஒற்றி எடு, பிசின் ரப்பரோடு வந்துவிடும். வெளியூர்க்காரர்கள் இதையே காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

தூசி விஷயத்தில் நீ அலட்சியமாக இருப்பாய் என்றுதான் எனக்குப் பயம். 'பஃபிங் தூசியையே பார்த்தவன், இது என்ன' என்பாய். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் மரத்தூசியை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான முதல் வகையில் சேர்த்தது. தோல் தூசியும் பின்னால் அதே வகைக்கு வந்துவிட்டது. இரண்டுமே மூக்கையும் அதை ஒட்டிய சைனஸ் அறைகளையும்தான் பிடிக்கும். நீ ஒன்றிலிருந்து விலகி இன்னொன்றுக்கு வருகிறாய், அவ்வளவுதான். மெஷினோடு வரும் துணிப்பை கண்ணுக்குத் தெரியும் தூசியைப் பிடிக்கும். நெஞ்சுக்குள் போகிற நைசுத் தூசி அதில் நிற்காது. வாக்குவம் குழாயை மாட்டு, பேட் ஓட்டையும் தாள் ஓட்டையும் நேராக ஒட்டு, என்95 மாஸ்க் போடு. கைக்குட்டை கட்டுவது ஊருக்குக் காட்டத்தான். பை முக்கால் நிறைந்ததும் கொட்டிவிடு. சீலர், வார்னிஷ் தேய்த்த தூள் பையிலேயே ராத்திரி முழுக்கக் கிடந்தால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கலாம். ஆணி இருக்கிற பலகையில் சாண்டரை ஓட்டினால் ஒரு பொறி போதும். திருப்பத்தூர் டிப்போவில் சந்தனத் தூளுக்கும் விலை உண்டு. நம் தேக்குத் தூளை நம்பி யாரும் வரப்போவதில்லை, தைரியமாக வெளியே கொட்டு.

எந்தக் கம்பெனி என்று கேட்டிருந்தாய். பெயரைவிட, தேய்ந்த பேடுக்கு மாற்று பேட் வாணியம்பாடியிலாவது கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வாங்கு. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சக்கரம் இருக்கட்டும். கடையிலேயே பிளக்கில் மாட்டி ஓடவிட்டு, ஐந்து நிமிடம் கையில் பிடித்துப் பார். விரல் மரத்துப்போனால் அந்த மெஷின் வேண்டாம். தாள் 80, 120, 180 மூன்றிலும் ஒவ்வொரு பெட்டியும், சீலர் மேல் தேய்க்க 320இல் பாதியும் வாங்கு. ஞாயிற்றுக்கிழமை வந்தால் கொல்லையில் வேங்கைப் பலகை ஒன்று கிடக்கிறது, அதில் ஓட்டிப் பார்க்கலாம். வரும்போது எனக்கும் ஒரு க்ரேப் சோல் துண்டு எடுத்து வா.

அக்காவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மாமா