அச்சுக்கோப்பில் மறையும் கணிதக் குறிகள்

கணினியில் அச்சுக்கோக்கும்பொழுது தமிழ் வாசகம் செவ்வனே அமைந்திருந்தும், இடையே வரும் கணிதக் குறிகள் மறைந்துவிடுவதுண்டு. அவற்றின் இடத்தில் வேறு எழுத்து நிற்பதும் உண்டு. இவ்விரண்டில் பின்னதே அபாயம் மிகுந்தது. வெற்றுக் கட்டம் கண்ணில் படும். வேற்றெழுத்தோ உண்மையைப் போலத் தோற்றமளிக்கும்.

உதாரணமாக, மைக்ரோகிராமைச் சுருக்கமாகக் குறிக்க மியூ என்னும் கிரேக்க எழுத்து முன்னே இடப்படுகிறது. 'சிம்பல்' என்னும் பழைய எழுத்துருவில் மியூவின் வடிவம் ஆங்கில 'எம்' எழுத்தின் இடத்திலேயே வைக்கப்பட்டுள்ளது. அவ்வாறு அமைத்த வரியை வேறு எழுத்துருவுக்கு மாற்றினால், மியூ மறைந்து 'எம்' வெளிப்படும். மைக்ரோகிராம் மில்லிகிராம் ஆகிவிடும். அளவு 1,000 மடங்கு பெருகுகிறது. மருந்தளவு அட்டவணையில் இப்பிழை நேருமாயின் அதன் விளைவைச் சொல்ல வேண்டுவதில்லை.

காரணம்

கணினி எழுத்தின் வடிவத்தைச் சேமிப்பதில்லை. அதற்குரிய எண்ணையே சேமிக்கிறது. எண்ணுக்கு உருவம் தருவது எழுத்துரு. பழைய எழுத்துருக்களில் 256 இடங்களே இருந்தமையால், ஒரே எண் வெவ்வேறு எழுத்துருக்களில் வெவ்வேறு குறியாக விளங்கிற்று. 163ஆம் இடத்தில் சிம்பல் எழுத்துருவில் ≤ உள்ளது. சாதாரண ஆங்கில எழுத்துருவிலோ பவுன் நாணயக் குறி உள்ளது.

1991இல் முதற் பதிப்பு வெளியான யூனிகோடு முறை, குறிகளுக்குத் தனித்தனி எண் வழங்கிற்று. தமிழுக்கு 2944 முதல் 3071 வரையும், ≤ குறிக்கு 8804உம் உரியவை. ஆயினும் தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் 8804க்கு வடிவம் இல்லை. அப்பொழுது சொற்செயலி வேறோர் எழுத்துருவிலிருந்து வடிவத்தைக் கடன் வாங்குகிறது. ஒரே வரியில் தடித்த குறியும் மெல்லிய குறியும் கலந்து நிற்பது இதனாலேயே. டொனால்டு நூத் உருவாக்கிய 'டெக்' மென்பொருளோ குறியை அச்சிடாமலே விட்டுவிடக்கூடும்.

பரிசோதிக்கும் முறை

1. ஐயத்துக்குரிய குறிக்கு மட்டும் 'கேம்பிரியா மேத்' போன்ற கணித எழுத்துரு ஒன்றைப் பொருத்துக. சரியான குறி தோன்றினால் எண் சரி. முந்தைய எழுத்துருவே குறையுடையது. வேற்றெழுத்தே நீடித்தால் கோப்பிலுள்ள எண் தவறு. குறியைப் புதிதாக உள்ளிட வேண்டும்.

2. டெக் உபயோகிப்போர், பதிவுக் கோப்பில் 'மிஸ்ஸிங் கேரக்டர்' என்னும் சொற்களைத் தேடுக. குறையுடைய எழுத்துருவின் பெயர் அவ்வரியிலேயே இருக்கும்.

3. தமிழுக்கு ஒன்றும் கணிதத்துக்கு ஒன்றுமாக எழுத்துருக்களைத் தனித்தனியே நியமிக்க. சூத்திரங்களைச் சமன்பாட்டுக் கருவியில் அமைக்க.

4. பிடிஎஃப் கோப்பின் பண்புகள் பகுதியில், எழுத்துருக்கள் யாவும் உட்பொதிந்துள்ளனவா என்று பார்க்க. இல்லையெனில் அச்சகத்தின் கணினி தன்னிடமுள்ள வேறொன்றை இட்டு நிரப்பும்.

இறுதி ஒப்பு நோக்குதல்

எக்கருவியும் மனிதக் கண்ணுக்கு ஈடாகாது. ஒருவர் மூலப்பிரதியை உரக்க வாசிக்க, மற்றொருவர் அச்சுப் படியைப் பார்த்து வருதல் நலம். அலகுகள், ≤, ≥, கழித்தல் குறி ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். மருந்து, பூச்சிக்கொல்லி ஆகியவற்றின் அளவுகளில் 'மைக்ரோகிராம்' என்று முழுச்சொல்லாகவே எழுதுவது உத்தமம். தமிழில் எழுதிய சொல் எழுத்துரு மாறினும் மில்லிகிராமாக மாறுவதில்லை.

பயிற்சி: ≤, ≥, ±, ÷, √ ஆகிய ஐந்தையும் மியூவையும் ஒரே வரியில் உள்ளிட்டு, உபயோகத்திலுள்ள ஒவ்வொரு தமிழ் எழுத்துருவிலும் அச்சிட்டுப் பார்க்க. எவ்வெழுத்துருவில் எக்குறி மறைகிறது என்பதை அட்டவணையாக்கிக் கணினியின் அருகே மாட்டி வைக்க.