படகுக்கு எத்தனை குதிரை சக்தி மோட்டார் வேண்டும்?

கடலோரக் கிராமங்களில் கொஞ்சம் நிலமும், ஒரு படகில் பங்குமாகக் குடும்பம் நடத்துவோர் உண்டு. 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பிறகு கட்டுமரங்கள் குறைந்து ஃபைபர் படகுகள் பெருகின. இப்படகுகளின் பின்பலகையில் மாட்டப்படும் வெளிப்பொருத்து இயந்திரம் பெரும்பாலும் கடனில்தான் வாங்கப்படுகிறது. வாங்கப் போகிறவர் முதலில் விசாரிப்பது பக்கத்துப் படகில் என்ன மோட்டார் என்பதையே. அவர் 10 குதிரை சக்தி போட்டிருந்தால் இவர் 15 பார்க்கிறார். அடுத்தவர் 25 கேட்கிறார். கிணற்றின் ஆழத்தையும் ஊற்றையும் பாராமல் பம்புசெட் வாங்குவதற்கு ஒப்பானது இது.

பெரிய மோட்டார் போட்டால் படகு வேகமாகப் போகும் என்பது ஓரளவுக்குத்தான் உண்மை. பாரம் ஏற்றிய படகு தண்ணீரைப் பிளந்து தள்ளிக்கொண்டு போகிறது. போகும்போது தானே ஓர் அலையை எழுப்புகிறது. குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் அந்த அலையே மேடாக முன்னே நிற்கும். படகின் பின்பக்கம் பள்ளத்தில் அமிழும். அதற்கு மேல் எவ்வளவு எரிபொருள் எரித்தாலும் மேட்டில் ஏறப் பார்க்கும் வண்டியின் நிலைதான்.

இந்த எல்லை எது என்பதைப் படகின் நீளமே தீர்மானிக்கிறது. தண்ணீரில் அமிழ்ந்திருக்கும் நீளத்தை அடியில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கடல் மைல் என்று கிடைக்கும். 25 அடிக்கு வர்க்கமூலம் 5, எல்லை 6.7 கடல் மைல், அதாவது மணிக்கு சுமார் 12 கிலோமீட்டர். 16 அடிக்கு 5.4 கடல் மைல்தான். பாரமில்லாத, அடிப்பாகம் தட்டையான படகு இந்த எல்லையைத் தாண்டித் தண்ணீரின் மேல் வழுக்கி ஓடக்கூடும். வலையும் ஐஸும் மீனும் ஏற்றிய படகுக்கு அது பொருந்தாது. கரையில் காலிப் படகை ஓட்டிக்காட்டி விற்பவரிடம் இதை நினைவில் வைத்துப் பேச வேண்டும்.

எடையே கணக்கு

மோட்டாரின் அளவைப் பாரம் ஏற்றிய படகின் மொத்த எடையைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும். உதாரணமாக, படகு 650 கிலோ, மோட்டார் 40, எரிபொருள் 40, மூன்று ஆட்கள் 200, வலை 200, ஐஸும் மீனும் 270 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 1,400 கிலோ. இத்தகைய படகு தன் வேக எல்லையை ஒட்டிப் போக, டன்னுக்கு 3 முதல் 5 குதிரை சக்தி வரை போதுமானது. கூடுதல் கணக்கையே எடுத்தாலும் 7 குதிரை சக்திதான் வருகிறது. எந்த மோட்டாரையும் முழு வேகத்திலேயே நாள் முழுதும் ஓட்டுவது நல்லதல்ல. நான்கில் மூன்று பங்கு சக்தியில் ஓட்ட வேண்டும். அப்படிப் பார்த்தால் 9 முதல் 10 குதிரை சக்தி மோட்டார் இந்தப் படகுக்குச் சரியாக இருக்கும்.

மிகச் சிறியதும் ஆபத்துதான். சோழமண்டலக் கரையில் துறைமுகமில்லாத ஊர்களில் உடைகிற அலையைத் தாண்டித்தான் உள்ளே போகவும் வரவும் வேண்டும். இரண்டு அலைகளுக்கு நடுவிலுள்ள அவகாசத்தில் படகு விரைந்து கடக்காவிட்டால் குறுக்கே திரும்பிக் கவிழ்ந்துவிடும். எதிர்காற்றில் திரும்பும்போதும் கைவசம் சக்தி வேண்டும். மேற்சொன்ன நான்கில் ஒரு பங்கு மிச்சம் இதற்காகவும்தான். படகு முழுப் பாரத்தோடு வரும் நாளை மனதில் கொண்டே கணக்குப் போட வேண்டும்.

தேவைக்கு மிஞ்சிய மோட்டாரால் வரும் கேடு ஒன்றிரண்டல்ல. எடை முழுவதும் பின்பலகையில் தொங்குவதால் படகின் பின்பக்கம் தாழ்ந்து, அலை பின்னாலிருந்து உள்ளே ஏறும். பலகையின் மூலைகளில் ஃபைபர் வெடிப்பு விடும். 10 குதிரை சக்தி மோட்டாரை இரண்டு பேர் தோளில் வைத்து மணலில் தூக்கி வந்துவிடலாம். 25 என்றால் கூடுதல் ஆள் தேட வேண்டும்.

வேகத்தின் விலை

சக்தித் தேவை வேகத்தோடு நேராக ஏறுவதில்லை; ஏறக்குறைய வேகத்தின் கனமாக ஏறுகிறது. 10 கடல் மைல் போய்த் திரும்பும் படகு மணிக்கு 5 கடல் மைல் வேகத்தில் போனால் 4 மணி நேரம் பிடிக்கும். 6 கடல் மைல் வேகத்தில் 3 மணி 20 நிமிடம். மிச்சமாகும் 40 நிமிடத்துக்காக எரிபொருள் 44 சதவீதம் கூடுகிறது. 10 லிட்டர் செலவான இடத்தில் 14 லிட்டருக்கு மேல் ஆகும். எல்லை வேகத்தை நெருங்க நெருங்க இது இன்னும் மோசமாகும். ஏலத்துக்கு முந்திப் போனால் கூடுதல் விலை கிடைக்கும் நாளில் இந்தச் செலவு கட்டுப்படியாகலாம். தினமும் கட்டுப்படியாகாது.

10 குதிரை சக்தியுள்ள டூ-ஸ்ட்ரோக் மோட்டார் முழு வேகத்தில் மணிக்கு 4 முதல் 5 லிட்டர் குடிக்கும். ஃபோர்-ஸ்ட்ரோக் குறைவாகக் குடிக்கும். ஆனால் விலையும் எடையும் கூடுதல். அதே சக்தியுள்ள டீசல் எஞ்சினுக்கு இரண்டு, இரண்டரை லிட்டர் போதும். 1979 இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், அலைக்கரைப் படகுகளில் டீசல் எஞ்சின் பொருத்த முனைந்ததற்கு இந்தச் சிக்கனமே முக்கிய காரணம். நீண்ட தண்டுள்ள டீசல் எஞ்சின் சத்தமும் அதிர்வும் மிகுந்தது. ஆனால் நாள்தோறும் தொலைவு ஓடுவோர் அதையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

விசிறியைக் கவனியுங்கள்

குதிரை சக்தியைப் பற்றி விசாரிப்பவர்கள் விசிறியைப் பற்றிக் கேட்பதே இல்லை. பாதி நஷ்டம் இங்கேதான். ஒரு சுற்றுக்கு விசிறி எத்தனை அங்குலம் முன்னேற வேண்டுமோ அதுவே அதன் பிட்ச். மோட்டார் நிமிடத்துக்கு 5,000 சுற்று சுற்றி, கியரில் அது பாதியாகி, விசிறியின் பிட்ச் 8 அங்குலம் என்றால், சறுக்கலே இல்லாதபோது மணிக்கு 1,00,000 அடி, அதாவது 30 கிலோமீட்டர் போக வேண்டும். பாரப்படகு போவதோ 11 கிலோமீட்டர். மீதி, சேற்றில் சுழலும் டிராக்டர் சக்கரம்போல் தண்ணீரைக் கலக்குவதில் போகிறது. பாரப்படகுக்குப் பிட்ச் குறைந்த, குறுக்களவு கூடிய விசிறியும், கியர் குறைப்பு கூடிய மோட்டாருமே ஏற்றவை.

சோதிப்பது எளிது. முழுப் பாரத்தோடு முழு வேகத்தில் ஓட்டி, சுற்று எண்ணும் கருவியால் பார்க்க வேண்டும். கையேட்டில் சொன்ன சுற்று வராவிட்டால் பிட்ச் அதிகம். ஓர் அங்குலம் குறைத்தால் 150 முதல் 200 சுற்று கூடும்.

மோட்டாரின் தண்டு பொதுவாக 15 அங்குலம், 20 அங்குலம் என இரு அளவுகளில் வரும். பின்பலகையின் உயரத்தை அளந்துகொண்டு கடைக்குப் போக வேண்டும். விசிறிக்கு மேலுள்ள தட்டையான தகடு படகின் அடிமட்டத்தை ஒட்டியோ ஓர் அங்குலம் கீழேயோ இருக்க வேண்டும். உயரமாக இருந்தால் விசிறி காற்றை இழுத்து, மோட்டார் அலறும், படகு நகராது. அலையைக் கடக்கும்போது இப்படி நேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

எந்த மோட்டாரானாலும் எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு கையிருப்பு. துடுப்பு, ஸ்பார்க் பிளக், விசிறியின் முறிவு ஆணி, இழுகயிறு ஆகியவை படகிலேயே இருக்கட்டும். கரை திரும்பியதும் மோட்டாரை நல்ல தண்ணீர்த் தொட்டியில் வைத்துப் பத்து நிமிடம் ஓட்டி உப்பைக் கழுவிவிட வேண்டும்.