இருவினையொப்பும் ஸ்டோயிக்கர் சமநிலையும்

ஜவ்வாது மலையிற் றோன்றிச் செங்கம் வழியே பாய்வது சேயாறு. அம்மலைத்தொடரின் கீழ்ப்பால் உயர்ந்து நிற்கும் பருவதமலையே மலைபடுகடாத்துட் கூறப்படும் நவிரம் என்ப. ஆண்டுறையும் இறைவனைப் பெருங்கௌசிகனார் காரியுண்டிக் கடவுள் என்று குறித்தனர். நஞ்சை உணவாகக் கொண்டவன் என்பது அதன் பொருள். இப்பெயரை ஈண்டு எடுத்துக் கூறுதற்குக் காரணம் உண்டு.

சில திங்களுக்கு முன் அம்மலையடிவாரத்து ஊரொன்றில் அன்பர் சிலர் கூடியிருந்தபோது மலைவாணரது வறுமையைப் பற்றிப் பேச்சு எழுந்தது. மழையையே நம்பிச் சாமை விதைத்தும், புளியும் தேனும் தொகுத்து விற்றும் வாழ்வோர் அங்குள்ள மலையாளி மக்கள். கூலி நாடி வெளியே சென்று அல்லலுறுவோரும் அவருட் பலர். 2015-ஆம் ஆண்டு ஏப்பிரல் 7-ஆம் நாள் ஆந்திர நாட்டுச் சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தாரென்று காவற்படையினராற் சுட்டுக்கொல்லப்பட்ட 20 பேருள் இம்மலையினரும் இருந்தனர். இதனைக் கேட்ட அன்பரொருவர், "அஃது அவரவர் பிராரத்தம். வருவதை வந்தவாறே ஏற்றல் அறிவு. நம் நூல்கள் இருவினையொப்பு என்பதும், யவன நாட்டு ஸ்டோயிக்கர் கூறியதும் இதுவேயன்றோ?" என்றார். கற்றவர் கூற்றாதலின் ஆராயாது விடுதல் தகாது.

ஸ்டோயிக்கர் கொள்கை சைப்பிரஸ் தீவிற் பிறந்த சீனோ என்பவரால் கி.மு. 300 அளவில் ஆதென்ஸ் நகரிற் றொடங்கப்பட்டது. ஓவியம் தீட்டிய மண்டபமொன்றிலிருந்து அவர் கற்பித்தமையின் அம்மண்டபமே கொள்கைக்குப் பெயராயிற்று. பின்னர் உரோமாபுரியிற் பரவி, அடிமையாயிருந்த எபிக்டீட்டஸ், பேரரசராகிய மார்க்கஸ் அரேலியஸ் என்னும் இருவரையும் தன் வழிப்படுத்தியது. எபிக்டீட்டஸ் தாமாக நூலொன்றும் எழுதினாரல்லர். அவர் மொழிந்தவற்றை எழுதிவைத்தவர் மாணாக்கராகிய அர்ரியன். இவரே இந்திய நாட்டைப் பற்றியும் ஒரு நூல் இயற்றி, அதன்கண் பண்டையா என்னும் அரசியையும் முத்தையும் குறித்தவர். பாண்டிநாட்டுச் செய்தி செவிப்பட்டவர் கையாலேயே அவ்வறவுரைகளும் உலகிற்கு எட்டின என்பது ஒரு வியப்பு.

எபிக்டீட்டஸ் பொருள்களை நம் வயத்தன, நம் வயத்தன அல்லாதன என இரண்டாகப் பகுத்தார். விருப்பும் வெறுப்பும் துணிவும் முன்னவை. உடல், செல்வம், புகழ், பதவி ஆகியன பின்னவை. பின்னவற்றை நன்றென்றும் தீதென்றும் மயங்குதலே துன்பத்திற்கு வித்து. அறம் ஒன்றே நன்மையாவது. ஆண்டான் தன் காலை முறுக்கியபோது, இஃது ஒடியும் என்று அமைதியாகக் கூறினாரென்றும், ஒடிந்தபின் அதனை நினைவூட்டியதன்றி வேறொன்றும் கூறிற்றிலர் என்றும் அவரைப் பற்றி ஒரு கதை வழங்கும். நீற்றறையில் எழுநாள் இருந்தும் வாடாத திருநாவுக்கரசர் வரலாற்றை ஓதுவார்க்கு இது புதிதன்று. கையகத்துத் தொலைபேசியில் நாழிகைதோறும் பிறர் புகழும் இகழும் வந்து விழும் இக்காலத்தில் இப்பகுப்பு பெரிதும் பயன்படும். மடங்களிலுள்ளாரும் இதற்கு விலக்கல்லர்.

இனி, இருவினையொப்பு என்பது இருவினைகளும் அளவாற் சமமாதலன்று. அவற்றின் பயன்களாகிய இன்பத்தினும் துன்பத்தினும் விருப்பு வெறுப்பின்றி அறிவு ஒப்ப நிற்றலே என்பது சிவஞான முனிவர் விளக்கிய கருத்து. இவ்வளவில் இருதிறத்தாரும் ஒப்பர். ஆயினும், ஸ்டோயிக்கர் இதனைத் தம் அறிவின் ஆற்றலாற் பெறுவதாகக் கொண்டனர். நாமோ, மலபரிபாகமும் சத்திநிபாதமும் கூடிய வழியே இது நிகழும் என்கின்றோம். யான் கலங்கேன் என்னும் தருக்கும் ஆணவத்தின் செயலேயாமாகலின், திருவருளை நோக்காத சமநிலை உறுதியுடையதன்று.

அன்பர் கூற்றுக்கு வருவோம். ஒப்ப நோக்கப்படும் இன்பதுன்பங்கள் யாருடையன? நோக்குவானுடையன. பிறனொருவன் பசி என் பிராரத்தமன்று. அதனைக் கண்டவிடத்து யான் செய்வதும் செய்யாதொழிவதும் என் ஆகாமியம். ஸ்டோயிக்கரும் இதனை மறந்தாரல்லர். அவர் கொண்ட அறம் நான்கனுள் நீதியும் ஒன்று. ஹைரோக்ளீஸ் என்பவர், தன்னையும் குடும்பத்தையும் ஊரையும் மக்கட்குலம் முழுவதையும் ஒன்றனையொன்று சூழ்ந்த வட்டங்களாக வகுத்து, புறவட்டத்தாரை உள்வட்டத்திற்கு ஈர்த்துக்கொள்ளுதலே கடன் என்றார். எபிக்டீட்டஸ் மட்டும், துயருற்றானோடு புறத்தே இரங்குக, அகத்தே இரங்கற்க என்பர். அது நமக்கு உடன்பாடன்று.

திருப்புகலூரில் உழவாரப்பணி செய்யுங்கால் எதிர்ப்பட்ட பொன்னையும் மணியையும் பருக்கைக்கல்லோடு ஒப்ப வாரிக் குளத்தில் எறிந்தவர் நாவுக்கரசர். அவரே ஆளுடைய பிள்ளையாருடன் திருவீழிமிழலையில் எழுந்தருளியிருந்தபோது வற்கடம் வந்தது. அப்பொழுது நாடோறும் இறைவன் அருளிய காசினைக் கொண்டு இருவரும் அடியார்க்கு அமுதளித்தனர். தம்பொருட்டு வேண்டாத பொன் பிறர் பசியின்பொருட்டு வேண்டப்பட்டது. பஞ்சம் நாட்டார் வினையென்று அவர் வாளா இருந்திலர்.

அற்றேல், பிறர் துயர்க்கு உருகுதலும் ஒரு கலக்கமேயன்றோ எனின், அன்று. காரியுண்டிக் கடவுள் நஞ்சை ஏற்றது அமரர் நடுக்கம் கண்டு. ஏற்ற நஞ்சினால் அவன் வேறுபட்டிலன் என்க.