ரோமில் முதல் இரண்டு நாள்

கோடையில் ரோம் நேரம் நம் நேரத்தைவிட 3½ மணி பின்தங்கியது. அங்கே இரவு 7.30க்கே கண் சொக்கும். விடிகாலை 3 மணிக்கு விழிப்பு வந்துவிடும். புரண்டு படுக்காமல், கிழக்கு வெளுத்ததும் த்ரெவி நீரூற்றுக்குப் போய்விடுங்கள். 10 மணிக்கு மேல் அங்கே கூட்டத்தில் முண்டியடிக்க வேண்டும், வெயில் வேறு. பழைய தெருக்களில் கருங்கல் பாவியிருப்பதால் புது ஷூ காலைக் கடித்துவிடும், பழகியதே போதும். தண்ணீர் பாட்டில் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். தெருவோரம் ‘நசோனே’ என்ற இரும்புக் குழாய்களில் குடிநீர் ஓயாமல் கொட்டும். வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள சிறு துளை வழியே பீறிடும், அப்படியே குடிக்கலாம். வாட்டிகன் அருங்காட்சியகம் கால் கடுக்கும் இடம், மூன்றாம் நாளுக்கு வையுங்கள். மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் அதற்கு விடுமுறை.