ஏபிஐ மூடப்போகிறது என்று மெயில் வந்தால்: டெவலப்பர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு நீங்கள் மென்பொருள் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ரிப்போர்ட் தயாரானதும் நோயாளியின் கைபேசிக்கு எஸ்எம்எஸ் போகும். செயலி வைத்திருப்பவருக்கு நோட்டிஃபிகேஷன் போகும். மருத்துவரோடு வீடியோவில் பேசவும் வசதி உண்டு. இந்த மூன்றில் எதையும் நீங்கள் அடிப்படையிலிருந்து கட்டவில்லை. ட்விலியோ, ஃபயர்பேஸ் போன்ற கிளவுட் தளங்களின் ஏபிஐகளைச் சில வரி கோடில் அழைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். சொல்லப்போனால், இது வாடகைக் குடித்தனம்.

வாடகை வீட்டில் ஒரு நாள் வீட்டுக்காரர் வந்து, "அடுத்த வருஷம் இடிச்சுக் கட்டப்போறோம், வேற வீடு பார்த்துக்கோங்க" என்பார். ஏபிஐ உலகில் அந்தப் பேச்சுக்குப் பெயர் டெப்ரிகேஷன். வீடு அன்றைக்கே இடியாது, ஆனால் நாள் குறித்தாகிவிட்டது. அந்த நாளுக்குள் செய்ய வேண்டியதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

தளங்களின் அறிவிப்புகளில் மூன்று சொற்கள் அடிக்கடி வரும். மூன்றும் ஒன்றல்ல.

டெப்ரிகேட் ஆனது என்றால், இன்றும் வேலை செய்யும், ஆனால் புதிதாக எதையும் அதன்மேல் கட்டாதீர்கள் என்று பொருள். எண்ட் ஆஃப் சேல் என்றால், புது வாடிக்கையாளருக்குக் கிடையாது, பழையவருக்கு மட்டும் ஓடும். எண்ட் ஆஃப் லைஃப் என்றால், அந்தத் தேதிக்குப் பிறகு அழைத்தால் பதில் வராது அல்லது பிழைச் செய்திதான் வரும். முதல் சொல்லுக்கும் கடைசிச் சொல்லுக்கும் நடுவில் இருப்பதுதான் உங்கள் அவகாசம்.

லைப்ரரி வெர்ஷன் எண்ணையும் வாசிக்கப் பழகுங்கள். 4.7.2 என்பது 4.8.0 ஆனால் பொதுவாகப் பயமில்லை, புது வசதி சேர்ந்திருக்கும். 5.0.0 ஆனால் பழைய கோடு உடையக்கூடும் என்று எழுதியவர்களே எச்சரிக்கிறார்கள்.

படி 1: எதை நம்பியிருக்கிறீர்கள் என்று எழுதி வையுங்கள்

ஓர் எக்செல் தாள் போதும். ஒவ்வொரு வெளிச்சேவைக்கும் ஒரு வரி: சேவையின் பெயர், வெர்ஷன், எந்த ஃபைலில் அழைக்கிறோம், யார் பெயரில் அக்கவுண்ட், இது நின்றால் யாருக்கு வலிக்கும். கடைசிக் கட்டத்தைத் தவிர்க்காதீர்கள். வேலையின் அவசரத்தை முடிவு செய்வது அதுதான்.

பட்டியலை நினைவிலிருந்து எழுதினால் பாதி விட்டுப்போகும். கோடு முழுவதிலும் தளத்தின் டொமைன் பெயரைத் தேடுங்கள். லைப்ரரிகளின் பட்டியலைத் திறந்து பாருங்கள். இரவில் தானாக ஓடும் ஸ்கிரிப்ட்டுகளை மறக்காதீர்கள், பழைய அழைப்புகள் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

ட்விலியோவின் எஸ்எம்எஸ் முகவரியைப் பார்த்தால் நடுவில் 2010-04-01 என்று ஒரு தேதி இருக்கும். அது ஏபிஐயின் வெர்ஷன். இத்தனை வருடமாக அதே தேதி ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்காக அந்த நிறுவனத்தின் எல்லாமே அப்படி நீடிக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். அதே ட்விலியோவின் புரோகிராமபிள் சாட் 2022 ஜூலை 25-ஆம் தேதியோடு முடிந்தது, வாடிக்கையாளர்கள் கான்வர்சேஷன்ஸ் என்ற இன்னொரு ஏபிஐக்கு மாற வேண்டியிருந்தது. ஆகவே பட்டியலில் நிறுவனத்தின் பெயரோடு நிறுத்தாமல், பயன்படுத்தும் வசதியின் பெயரையும் எழுதுங்கள்.

படி 2: அறிவிப்பு சரியான ஆளுக்கு வந்து சேரட்டும்

தளங்கள் மெயில் அனுப்பத்தான் செய்கின்றன. அது யாருக்குப் போகிறது என்பதில்தான் சிக்கல். மூன்று வருடத்துக்கு முன் அக்கவுண்ட் திறந்த டெவலப்பர் வேறு வேலைக்குப் போயிருப்பார். அவருடைய மெயில்பெட்டி மூடப்பட்டிருக்கும். அல்லது ஒரு ஃபில்டர் எல்லா அறிவிப்பையும் விளம்பரக் கூடைக்குள் தள்ளியிருக்கும்.

தனிமனிதரின் முகவரியை எடுத்துவிட்டு, இரண்டு மூன்று பேர் பார்க்கும் குழு முகவரியை அக்கவுண்ட்டில் போடுங்கள். தளத்தின் சேஞ்ச்லாக் அறிவிப்புகளுக்கும் அதே முகவரியைப் பதிந்து வையுங்கள். மாதம் ஒரு முறை, பதினைந்து நிமிடம், ஒருவர் அதை வாசிக்க வேண்டும். அந்த ஒருவரின் பெயர் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் கோடே அறிவிப்பைப் பிடித்துத் தரவும் வழி உண்டு. சர்வரின் பதிலில் வரும் 'சன்செட்' ஹெட்டர், அந்த முகவரி எந்த நாளில் ஓய்வு பெறும் என்று சொல்லும். 2019-இல் ஆர்எஃப்சி 8594 அதை வரையறுத்தது. 'டெப்ரிகேஷன்' ஹெட்டரை 2025-இல் ஆர்எஃப்சி 9745 வரையறுத்தது. எல்லாத் தளங்களும் இவற்றை அனுப்புவதில்லை. அனுப்பினால் லாகில் எழுதி உங்களுக்கு எச்சரிக்கை தரும்படி நாலு வரி எழுதி வையுங்கள், செலவில்லாத காவலாளி.

படி 3: மெயிலை நான்கு கேள்விகளோடு வாசியுங்கள்

அறிவிப்பு நீளமாக இருக்கும், பாதி ஆறுதல் வார்த்தையாக இருக்கும். நீங்கள் தேட வேண்டியவை நான்கே: எது நிற்கிறது? என்றைக்கு? நின்றபின் என்ன நடக்கும், பிழை வருமா, இல்லை சத்தமில்லாமல் விட்டுப்போகுமா? மாற்றாக எதைச் சொல்கிறார்கள்?

நான்கு விடைகளையும் எக்செல் தாளின் அந்த வரியில் எழுதிவிடுங்கள். விடை கிடைக்காத கேள்வியை அன்றைக்கே சப்போர்ட் டிக்கெட்டாகப் போடுங்கள். கடைசி வாரத்தில் எல்லோரும் கேட்பார்கள்.

படி 4: தேதியை அப்படியே நம்பாதீர்கள்

2023 டிசம்பரில் ட்விலியோ, தன் வீடியோ ஏபிஐ 2024 டிசம்பர் 5-ஆம் தேதி நிறுத்தப்படும் என்று அறிவித்தது, ஜூமின் வீடியோ எஸ்டிகேவுக்கு மாறச் சொன்னது. பிறகு அந்தத் தேதி 2026 டிசம்பருக்குத் தள்ளிப்போனது. 2024 அக்டோபரில், நிறுத்தவே போவதில்லை, வீடியோ தொடரும் என்று சொல்லிவிட்டது. முதல் மெயிலைப் பார்த்ததும் அவசரமாக இடம் மாறியவர்கள் உண்டு.

இதைப் பார்த்து, எப்படியும் தள்ளிப்போடுவார்கள் என்று சும்மா இருந்துவிடலாமா? லாகின் குறியீடு தரும், அதே நிறுவனத்தின் ஆத்தி (Authy) டெஸ்க்டாப் செயலிக்கு 2024 ஆகஸ்ட் என்று முதலில் நாள் குறித்தார்கள். பிறகு அதை முன்னுக்கு இழுத்து மார்ச் 19 ஆக்கினார்கள். ஐந்து மாதம் காற்றில் போயிற்று.

தேதி பின்னாலும் போகும், முன்னாலும் வரும். அதனால் தளம் சொன்ன நாளுக்கு மூன்று மாதம் முன்பாக உங்கள் நாளைக் குறியுங்கள். மாற்றை ஆராய்வதையும் முன்மாதிரி எழுதுவதையும் உடனே தொடங்குங்கள். திரும்பி வர முடியாத வேலைகளை மட்டும் கடைசிக்கு வையுங்கள்: பழைய கோடை அழிப்பது, பழைய ஒப்பந்தத்தை முறிப்பது போன்றவை.

கைபேசிச் செயலி இருந்தால் இன்னும் முன்னே போக வேண்டும். சர்வரில் இருக்கும் கோடை ஒரே இரவில் மாற்றலாம். நோயாளியின் போனுக்குள் இருக்கும் பழைய எஸ்டிகேவை அவர் செயலியைப் புதுப்பித்தால்தான் மாற்ற முடியும். அவர் புதுப்பிக்க மாதங்கள் ஆகலாம்.

படி 5: மாற்று என்பது வெறும் பெயர் மாற்றமல்ல

ஃபயர்பேஸ் கிளவுட் மெசேஜிங் தன் பழைய எச்டிடிபி ஏபிஐயை 2023 ஜூன் 20-ஆம் தேதி டெப்ரிகேட் செய்து, 2024 ஜூலை 22 முதல் படிப்படியாக மூடியது. மாற்று, எச்டிடிபி வி1. முகவரியை மாற்றினால் போதும் என்று இறங்கியவர்களுக்கு இரண்டு இடத்தில் கால் இடறியது.

பழையதில் ஒரு சர்வர் கீயைப் போட்டுவிட்டால் அது பாட்டுக்கு ஓடும். புதியதில் ஆக்சஸ் டோக்கன் வேண்டும், அதன் ஆயுள் சுமார் ஒரு மணி நேரம். டோக்கனைக் கையால் எடுத்து ஒட்டி டெஸ்ட் செய்தால் அழகாக வேலை செய்யும். "முடிந்தது" என்று சொல்லிவிட்டு டீ குடித்து, மதியச் சாப்பாட்டையும் முடித்துவிட்டு வந்து பார்த்தால் ஒரு நோட்டிஃபிகேஷனும் போயிருக்காது. டோக்கனைத் தானாகப் புதுப்பிக்கும் அதிகாரபூர்வ லைப்ரரியைப் பயன்படுத்துவதே இதற்கு வழி.

இரண்டாவது, பழையதில் ஒரே அழைப்பில் 1000 கருவிகளுக்கு வரை அனுப்ப முடிந்தது. வி1-இல் ஒரு அழைப்புக்கு ஒரு கருவிதான். ரிப்போர்ட்டுகளை மொத்தமாக அனுப்பும் இரவு ஸ்கிரிப்ட்டை அதற்கேற்பத் திருத்தி எழுத வேண்டும்.

ஆகவே மாற்று ஏபிஐயைப் பார்க்கும்போது அடையாளச் சோதனை, ஒரு அழைப்பின் அளவு, வேக வரம்பு, பிழை எண்கள், விலை ஆகிய ஐந்தையும் பழையதோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

படி 6: கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாறுங்கள்

முதலில், தளத்தை நேரடியாக அழைக்கும் எல்லா இடத்தையும் ஒரே ஃபங்ஷனுக்குள் கொண்டுவாருங்கள். 'செய்தி அனுப்பு' என்று பெயர் வையுங்கள். மற்ற கோடு எல்லாம் இதை மட்டும் அழைக்கட்டும். உள்ளே எந்தத் தளம் இருக்கிறது என்பது வெளியே தெரிய வேண்டாம். அடுத்த முறை அறிவிப்பு வந்தால் ஒரே ஃபைலைத் திருத்தினால் போதும்.

பிறகு, நூற்றில் ஐந்து செய்திகளைப் புது வழியில் விடுங்கள். போய்ச் சேர்ந்ததா என்று இரண்டு நாள் பாருங்கள். அப்புறம் இருபது, ஐம்பது, நூறு. தவறினால் பழைய வழிக்குத் திரும்ப ஒரே சுவிட்ச் இருக்கட்டும்.

கடைசியாக ஓர் ஒத்திகை. 2021-இல் கிட்ஹப், கிட் கட்டளைகளுக்குப் பாஸ்வேர்டு ஏற்பதை ஆகஸ்ட் 13-ஆம் தேதி நிறுத்தியது. அதற்கு முன் ஜூன் 30, ஜூலை 28 ஆகிய நாட்களில் சில மணி நேரம் மட்டும் நிறுத்திக் காட்டியது. மறந்தவர்களுக்கு அப்போதே நினைவு வந்தது. தளம் இப்படிச் செய்யாவிட்டாலும் நீங்கள் செய்யலாம். ஸ்டேஜிங் சர்வரில் பழைய முகவரியை அடைத்துவிட்டு ஒரு நாள் ஓட்டுங்கள். எங்கே அலறுகிறதோ, அங்கே இன்னும் பழைய கோடு இருக்கிறது.

படி 7: தளத்துக்கு வெளியிலும் ஒரு கண் வையுங்கள்

இந்தியாவில் எஸ்எம்எஸ் அனுப்புகிறவர்களுக்கு ஏபிஐ மாறாமலே செய்தி நின்றுபோகலாம். 2021 மார்ச் 8 அன்று, பதிவு செய்த டெம்ப்ளேட்டோடு ஒத்துப்போகாத வணிகச் செய்திகளை டெலிகாம் நிறுவனங்கள் வடிகட்டத் தொடங்கின. நாடு முழுக்க ஓடிபிகள் தடைபட்டன. மறுநாளே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அந்த வடிகட்டலை ஏழு நாள் நிறுத்தி வைத்தது.

'ரிப்போர்ட் தயார்' என்று டெம்ப்ளேட் பதிவு செய்துவிட்டு, யாரோ கோடில் 'ரிப்போர்ட் ரெடி' என்று திருத்தினால் செய்தி போகாமல் போகலாம். ரிப்போர்ட்டுக்கான இணைப்பு செய்தியில் இருந்தால் இன்னொரு விதியும் உண்டு. 2024 அக்டோபர் 1 முதல், முன்கூட்டியே பதிவு செய்யாத இணைப்புள்ள எஸ்எம்எஸ் தடுக்கப்படும். அதுவும் முதலில் செப்டம்பர் 1 என்று சொல்லித் தள்ளிப்போன தேதிதான். டிராயின் அறிவிப்புகளுக்கும் உங்கள் தாளில் ஒரு வரி ஒதுக்குங்கள்.

இன்றே செய்ய ஒரு வேலை

இவ்வளவையும் ஒரே நாளில் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். இன்று ஒன்றை மட்டும் செய்யுங்கள். நீங்கள் பயன்படுத்தும் தளத்தில் லாகின் செய்து, அறிவிப்புகள் எந்த மெயில் முகவரிக்குப் போகின்றன என்று பாருங்கள். அந்த மெயில்பெட்டியை இப்போது யார் திறக்கிறார் என்று விசாரியுங்கள். யாரும் இல்லையென்றால், இந்தப் பக்கத்தை மூடுவதற்கு முன் முகவரியை மாற்றிவிடுங்கள்.