நினைவுக் கல்லை எங்கே நடுவது?

குன்னூர்

சௌபாக்கியவதி பேத்திக்குத் தாத்தா அநேக ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது.

மலையில் இறந்துபோன உன் சிநேகிதனைப் பற்றி நீ எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. பாட்டிக்கு உரக்க வாசித்துக்கொண்டு வந்தவன் இரண்டாம் பக்கத்தின் நடுவில் நிறுத்திவிட்டேன். ஏன் நிறுத்தினீர்கள் என்று அவள் கேட்கவில்லை, எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். சென்ற வருஷம் அந்தப் பிள்ளை உன்னோடு இங்கே வந்து தங்கியிருந்தபோது, கூடத்தில் மாட்டியிருக்கும் என் பெரியண்ணாவின் படத்தின் முன் நின்று அவர் எந்தப் படைப்பிரிவு என்று விசாரித்ததும், நான் சொல்லி முடிக்கும்வரை உட்காராமலே கேட்டுக்கொண்டிருந்ததும் எங்கள் இருவருக்கும் ஞாபகம் இருக்கிறது. அது சாகிற வயதா, அம்மா?

டார்ஜிலிங்கில் நீங்கள் எல்லோரும் கூடி, நெய்விளக்கேற்றி, ஜூனிப்பர்க் கிளைகளைப் புகையவிட்டு, உங்கள் ஆசிரியர்களும் வயது முதிர்ந்த ஷெர்ப்பாக்களும் அவனைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்ல, அழுதுகொண்டே சிரித்தீர்கள் என்று எழுதியிருக்கிறாய். மலையேறுகிறவர்கள் தங்கள் மனிதரை நினைக்கும் விதத்தில் ஒரு மேன்மை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஒரே கயிற்றில் உடம்பைக் கட்டிக்கொண்டவர்களுக்குள் உண்டாகும் பாந்தவ்யம் நம் சொந்தபந்தங்கள் பலவற்றைவிட மெய்யானது. நம் வீட்டுக் கல்யாணங்களில் வந்து உண்டு போனவர்களில் எத்தனை பேரை நம்பி நான் ஒரு பாறையில் தொங்குவேன் என்று யோசித்தால் சிரிப்புத்தான் வருகிறது. ஆனால் அந்தக் கூட்டத்தின் முடிவில் நீங்கள் செய்துகொண்ட சங்கல்பத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பத்து நாள் விடுமுறை எடுத்துக்கொண்டு அக்டோபரில் சிக்கிமின் யுக்சோம் வழியாக ஏறி, அவன் இறந்த இடத்தையும் தாண்டி, அவன் எட்டாமற்போன அந்தச் சிகரத்தின் உச்சியில் அவன் படத்தை வைத்துவிட்டு வரப் போவதாகச் சொல்லுகிறாய். என் அபிப்பிராயத்தை நீ கேட்கவில்லை. கேட்காத அபிப்பிராயத்தைச் சொல்லும் என் பழக்கம் உனக்குப் புதிதல்லவே.

போகாதே என்று சொல்வதற்காக நான் எழுதவில்லை. பெண் என்பதற்காகக் கவலைப்படுகிறேன் என்றும் நினைக்காதே. உன் அண்ணன் புறப்பட்டிருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பேன், இன்னும் கடுமையாக எழுதியிருப்பேன். எனக்குப் பொறுக்காதது, அந்தக் கூட்டத்தில் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள் என்று நீ எழுதியிருக்கும் அந்த வாக்கியம்: மலை அவனைத் தன்னிடமே வைத்துக்கொண்டது என்பது. மலை ஒருவரையும் வைத்துக்கொள்வதில்லை, அம்மா. அவன் எப்படி இறந்தான் என்பது உன் கடிதத்திலேயே, நீ அறியாமலே, வரிக்கு வரி இருக்கிறது. யுக்சோம் சுமார் 1,800 மீட்டர். ஜோங்ரி ஏறத்தாழ 4,000. புறப்பட்ட இரண்டாம் நாள் சாயங்காலமே நீங்கள் ஜோங்ரியில் இருந்தீர்கள்; மூன்றாம் நாளும் தங்காமல் மேலே நடந்தீர்கள். அன்றிரவு அவனுக்கு வறட்டு இருமல். மறுநாள், எப்போதும் முன்னால் நடக்கிறவன், எல்லோருக்கும் பின்னால் வந்தான்; கேட்டதற்கு ஜலதோஷம் என்றான். அடுத்த இரவு படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கினான்; விடிந்ததும் கீழே இறக்கலாம் என்று தீர்மானித்தீர்கள். உங்களை நான் குற்றம் சொல்லவில்லை. ஆயினும் இந்த நோய்க்கு விடியற்காலை என்று ஒன்று கிடையாது.

உயரத்தில் பிராணவாயு குறையும்போது நுரையீரலின் இரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்ளுகின்றன. ஆனால் எல்லாம் ஒரே அளவில் சுருங்குவதில்லை. ஏரியின் மற்ற மதகுகளை அடைத்துவிட்டால் வெள்ளம் முழுவதும் திறந்திருக்கும் ஒரு மதகின்மேல் மோதிக் கரையை அரிக்கிறதல்லவா, அதுபோலச் சுருங்காத குழாய்களில் இரத்தம் பேரழுத்தத்தோடு பாய்ந்து, மெல்லிய சுவர்களின் வழியே நீர் கசிந்து, காற்று நிற்க வேண்டிய அறைகளில் போய்த் தேங்குகிறது. பெரும்பாலும் புது உயரத்துக்கு வந்த இரண்டாம் இரவிலோ மூன்றாம் இரவிலோ இது முற்றுகிறது. வேகமாக ஏறக்கூடிய பலசாலியையே இது அதிகம் பிடிக்கிறது. ஏனென்றால் பலவீனன் வழியிலேயே உட்கார்ந்துவிடுகிறான். இதற்குப் பிராணவாயு உண்டு, மாத்திரை உண்டு, ஆளை உள்ளே கிடத்திக் காற்றை அடிக்கிற பையும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலான சிகிச்சை, இருட்டானாலும் மழையானாலும் அந்த நிமிஷமே ஆயிரம் மீட்டர் கீழே இறக்குவதுதான். லே ஆஸ்பத்திரியில், சாகப் போகிறான் என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தோன்றும் நிலையில் வந்த ஜவான்கள், சமவெளிக்கு விமானம் ஏறிய மறுநாள் எழுந்து உட்கார்ந்து டீ கேட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

பெரியண்ணாவுக்கு அந்த விமானம் கிடைக்கவில்லை. 1962-இல் சமவெளியிலிருந்து லேவுக்குப் பறந்தவரை அங்கே உடம்பு பழகுவதற்குக்கூட அவகாசம் கொடுக்காமல் லாரியில் ஏற்றி மேலே கொண்டுபோனதும், அந்த வாரம் முடிவதற்குள் நமக்குத் தந்தி வந்ததும் உனக்குத் தெரிந்த கதை. உனக்கு அதிகம் சொல்லாதது, அதன் பிறகு வந்த காகிதத்தைப் பற்றி. அதில் நிமோனியா என்று எழுதியிருந்தது. நிமோனியா என்றால் குளிர் காய்ச்சல் என்றுதான் அந்தக் காலத்துத் தாய்மார்களுக்குத் தெரியும். எங்கள் அம்மா அந்தக் கார்த்திகையில் பின்ன ஆரம்பித்த கம்பளிச் சட்டை ஒரு கை பாக்கியாகப் பெட்டியிலே கிடந்தது. அதை முன்னமே முடித்து அனுப்பியிருந்தால் பிள்ளை பிழைத்திருப்பான் என்று அவள் தீர்மானமாக நம்பினாள்; கண்ணை மூடும்வரை நம்பினாள். நான் டாக்டருக்குப் படித்து, பட்டாளத்தில் சேர்ந்து, அதே உயரத்தில் அதே நோயை நூற்றுக்கணக்கில் பார்த்துவிட்டு வந்து எத்தனையோ விதமாக எடுத்துச் சொன்னேன். 'சர்க்கார் காகிதத்தில் எழுதியிருக்கிறதே' என்பாள். காகிதத்தைத் திருத்தித் தரும்படி எழுதியதற்கு அந்த அலுவலகம் ஒரே வரியில் பதில் போட்டது: விஷயம் முடிந்துவிட்டதாம். இத்தனை வருஷம் கழித்தும் அந்த வரியை நினைத்தால் என் இரத்த அழுத்தம் ஏறுகிறது, பாட்டி இதை எழுத வேண்டாம் என்கிறாள், எழுதத்தான் போகிறேன்.

டார்ஜிலிங்கில் நீ படித்த மலையேற்றப் பயிற்சி நிலையத்தின் சரித்திரத்திலேயே இந்த நோய் இருக்கிறது. 1954-இல் அது ஆரம்பமானபோது முதல் பிரின்ஸிபாலாக வந்தவர் மேஜர் நந்து ஜயால். டென்சிங்குக்குக் களப்பயிற்சியின் பொறுப்பு. 1958-இல் இந்தியர்கள் சோ ஓயுவுக்குப் போனபோது ஜயால் தாமதமாகப் புறப்பட்டு, முன்னே போன குழுவை எட்டிப் பிடிக்க விரைந்து ஏறினார். நுரையீரலில் நீர் கோத்து அந்த மலையிலேயே இறந்தார். சோனம் கியாட்சோவும் பசாங் தாவா லாமாவும் அதற்குப் பிறகு உச்சியை அடைந்தார்கள் என்பதைத்தான் பலரும் சொல்லுகிறார்கள். ஊருக்கெல்லாம் மலையேறக் கற்றுக்கொடுத்த மனிதர் எப்படி இறந்தார் என்பதை, ஒவ்வொரு வகுப்பிலும் முதல் நாள் முதல் பாடமாக வைக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஜயால் இறந்து இரண்டு வருஷம் கழித்து, 1960-இல், இந்த நோய் நிமோனியா அல்ல, இருதய வியாதியும் அல்ல, தனியான ஒன்று என்பதை ஆங்கில மருத்துவ உலகம் கவனிக்கும்படி எழுதியவர் சார்லஸ் ஹூஸ்டன் என்ற அமெரிக்க டாக்டர். அந்த ஹூஸ்டன்தான் 1953-இல் கே2 மலைக்குப் போன குழுவின் தலைவர். அங்கே ஆர்ட் கில்கி என்ற இளைஞனுக்குக் காலில் இரத்தம் உறைந்து நடக்க முடியாமற்போக, புயலுக்கு நடுவில் அவனைத் துணியில் சுற்றிக் கயிற்றால் இறக்கிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் சறுக்க, கயிறுகள் சிக்கிக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக ஐந்து பேர் விழ, பீட் ஷூனிங் என்பவர் ஒற்றைப் பனிக்கோடரியின் பலத்தில் அத்தனை பேரையும் தாங்கிப் பிடித்தார். அவர்கள் கூடாரம் அடித்துவிட்டுத் திரும்பி வருவதற்குள், பனியில் கட்டி நிறுத்தியிருந்த கில்கியைக் காணவில்லை. பனிச்சரிவு அடித்துக்கொண்டு போனதாக நினைத்தார்கள். தப்பியவர்கள் அடிவாரத்தில் கற்களைக் குவித்து அவனுக்கு ஒரு நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். பின்னால் அந்த மலையில் இறந்தவர்களின் பெயர்களையெல்லாம், சாப்பாட்டுத் தட்டுகளில் ஆணியால் குத்தியாவது, அங்கேயே கொண்டுவந்து மாட்டுகிறார்கள். ஹூஸ்டன் மறுபடி பெரிய சிகரங்களைத் தேடிப் போகவில்லை. உயரம் மனித உடம்பை என்ன செய்கிறது என்பதையே பிற்கால வாழ்வில் ஆராய்ந்தார். அதற்காகக் கானடாவின் லோகன் மலைமீது ஓர் ஆராய்ச்சிக் கூடமே நடத்தினார். கில்கிக்காகத்தான் செய்தார் என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் ஒரு சிநேகிதனை நினைத்தவர்களில் எனக்கு மிகவும் மதிப்புக்குரியவர் அவரே.

கவனித்தாயா, கில்கியின் கற்குவியல் உச்சியில் இல்லை. எவரெஸ்டுக்குப் போகும் வழியில் துக்லாவுக்கு மேலே உள்ள கணவாயில் ஷெர்ப்பாக்களுக்கும் மற்றவர்களுக்கும் எழுப்பிய கற்குவியல்கள், பாபு சிரி ஷெர்ப்பாவுடையது உட்பட, வரிசையாக நிற்கின்றன. அதுவும் யாத்திரிகன் நடந்து போகும் பாதை ஓரம். டென்சிங்கையே 1986-இல் எங்கே தகனம் செய்தார்கள்? நீ தினமும் காலையில் ஓடிப் பழகிய அதே வளாகத்தில். உச்சி என்பதற்கு இவ்வளவு மகத்துவம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்குவதில்லை. 1955-இல் உங்கள் ஜன்னலுக்கு எதிரே தெரியும் காஞ்சன்ஜங்காவில் ஏறிய ஜார்ஜ் பாண்டும் ஜோ பிரௌனும், சிக்கிம் மக்களுக்கு அந்த உச்சி புனிதமானது என்பதால், கொடுத்த வாக்குப்படி சில அடிகள் கீழேயே நின்றுவிட்டுத் திரும்பினார்கள். அவர்கள் அந்த மலையில் ஏறவில்லை என்று இன்றுவரை ஒருவரும் சொன்னதில்லை.

இப்போது இரண்டாம் பக்கத்துக்கு வருகிறேன். கூட்டத்துக்குக் கர்சியாங்கிலிருந்து வந்திருந்த அவன் தாயார் உன் கையைப் பிடித்துக்கொண்டு, அவன் போட்டிருந்த ஜாக்கெட் போதிய கனமானதுதானா என்று கேட்டாள் என்றும், அவன் தூக்கத்திலேயே அமைதியாகப் போய்விட்டான் என்று நீங்கள் சமாதானம் சொல்லி அனுப்பினீர்கள் என்றும் எழுதியிருக்கிறாயே, அங்கேதான் என்னால் மேலே வாசிக்க முடியவில்லை. அந்த ஜாக்கெட்டை யார் வாங்கிக் கொடுத்தது என்று விசாரித்தாயா? அவளே வாங்கிக் கொடுத்திருப்பாள், அல்லது பணம் போதாமல் மலிவானதாகப் பார்த்து வாங்கச் சொல்லியிருப்பாள். நீங்கள் சொன்ன அமைதியான தூக்கம் அவளுக்கு ஒரு விடையே அல்ல. யாராவது உட்கார்ந்து, குளிரால் அல்ல, உடுப்பால் அல்ல, அவன் உடம்பில் இருந்த எந்தக் குறையாலும் அல்ல, உயரத்தாலும் வேகத்தாலும் இது நேர்ந்தது என்று பொறுமையாக, வேண்டுமானால் நுரையீரலைப் படம் வரைந்து காட்டிச் சொல்ல வேண்டும். நுரை கலந்த சளியைப் பற்றிச் சொல்ல வேண்டாம். மற்றதையெல்லாம் சொல்லலாம், அவன் முன்னால் நடக்கிறவன் என்பதையும் சொல்லலாம்.

ஆகையால் உனக்கு முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. பத்து நாளில், மறுபடி அதே அவசரத்தோடு, துக்கத்தில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் உற்சாகப்படுத்திக்கொண்டு, திரும்பிப் போகலாம் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வராத ஒரு குழுவாக அந்தச் சிகரத்துக்கு ஏறலாம். அல்லது அதே பத்து நாளைக் கர்சியாங்கில் அவன் தாயாரோடு கழிக்கலாம். அவளுக்கு நடக்க முடியுமானால் யுக்சோம்வரை கூட்டிக்கொண்டுபோய், அவள் கையாலேயே அவனுக்கு ஒரு நினைவுக் கல்லை நடச் சொல்லலாம்; வருஷா வருஷம் அவள் வந்து தொட்டுப் பார்க்கக் கூடிய இடத்தில் அது இருக்கும். எது உசிதம் என்று தீர்மானிக்க வேண்டியவள் நீ. நான் குறுக்கே நிற்க மாட்டேன். சென்னையிலிருந்து நியூ ஜல்பாய்குரிக்கு அக்டோபரில் ரயிலில் இடம் இருக்கிறதா என்று மட்டும், சும்மா, விசாரித்து வைத்திருக்கிறேன்.

அதையும் மீறி மேலேதான் போவாய் என்றால், 3,000 மீட்டருக்கு மேல் படுக்கிற இடத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதே. மூன்று நான்கு நாளைக்கு ஒரு முறை ஓரிடத்தில் கூடுதலாக ஓர் இரவு தங்கு. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் உங்கள் பத்து நாள் போதாது என்பது உனக்கே தெரியும். முன்னொரு முறை அந்த உயரத்துக்குப் பழகியவர்கள் என்ற தைரியம் வேண்டாம். சில வாரம் கீழே இருந்துவிட்டால் உடம்பு அதையெல்லாம் மறந்துவிடுகிறது.

நிறையப் பேசிவிட்டேன். பட்டாளத்து டாக்டர்களுக்குப் பிரசங்கம் செய்வது ஒரு வியாதி. பாட்டி ஐம்பது வருஷத்துக்கு மேலாகச் சகித்துக்கொண்டிருக்கிறாள், நீயும் சகித்துக்கொள். நீ மலையேறுவதில் எனக்கு எவ்வளவு கர்வம் என்று உனக்குத் தெரியாது. நீ பயிற்சி முடித்து அந்தப் பனிக்கோடரியோடு நிற்கும் படத்தைக் கண்ணாடி போட்டு, பெரியண்ணாவின் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டியிருக்கிறேன். தபால்காரர் முதல் பால்காரர்வரை எல்லோருக்கும் காட்டியாகிவிட்டது. உன் பூட்ஸ் பழசாகிவிட்டது என்று எப்போதோ சொன்னாயே, நல்லதாகவே வாங்கிக்கொள், விலையைப் பார்க்காதே. நாளைக்கே பணம் அனுப்புகிறேன். அடுத்த வருஷம் நீ விரும்புகிற எந்த மலைக்கு வேண்டுமானாலும் போ, செலவு என்னுடையது, உன் அப்பாவிடம் நான் பேசிக்கொள்ளுகிறேன். பாட்டி திரட்டுப்பாலும் நார்த்தங்காயும் கட்டிவைத்திருக்கிறாள். அதில் ஒரு பொட்டலம் கர்சியாங்குக்கு என்று அவளே எழுதி ஒட்டியிருக்கிறாள்.

உன் க்ஷேமத்தையே சதா கோரும்,
தாத்தா

பி.கு. விரலில் மாட்டிப் பிராணவாயு அளவு பார்க்கும் கருவி ஒன்றையும் பொட்டலத்தில் வைத்திருக்கிறேன். அதை மட்டும் நம்பாதே. யாராவது இரவில் உட்கார்ந்துகொண்டு மூச்சு வாங்கினால், கருவி என்ன சொன்னாலும், அப்போதே இறங்கு.