கிணறும் பனையும் விளக்கும் – தன்னிறைவு வாழ்வு பற்றிய ஒரு நோக்கு

சேக்கிழார் பெருமான் அருளிய பெரியபுராணம் போற்றும் அறுபத்துமூன்று நாயன்மாருள் கணம்புல்ல நாயனாரும் ஒருவர். ஆலயத்தில் திருவிளக்கேற்றுவதையே தொண்டாகக் கொண்ட அவர், செல்வம் தீர்ந்தபின் கணம்புல்லை அரிந்து விற்று, அப்பணத்தில் நெய் வாங்கி விளக்கெரித்தார். ஒருநாள் புல் விலைப்படவில்லை. அவர் அப்புல்லையே விளக்காக எரித்தார். அதுவும் போதாதபோது தம் தலைமுடியையே எரித்தார். பக்தியின் உச்சத்தைக் காட்டும் இவ்வரலாற்றில் இன்னொரு படிப்பினையும் உண்டு. சந்தை கைவிட்ட வேளையிலும், கையில் இருந்ததைக் கொண்டு விளக்கை அணையாமற் காக்க முடியும் என்பதே அது.

இருளில் கற்ற பாடம்

யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்களும் அத்தகைய ஒரு காலத்தைக் கடந்து வந்தவர்கள். 1990 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டதன் பின் குடாநாட்டிற்கு மின்சாரம் இல்லாமற் போயிற்று. மண்ணெண்ணெய், உரம், பற்றரி, சவர்க்காரம் முதலியன தடைசெய்யப்பட்டன அல்லது கட்டுப்படுத்தப்பட்டன. அப்போது ஜாம் போத்தலுக்குள் சிறிதளவு மண்ணெண்ணெயும் திரியும் இட்டு எரித்த வெளிச்சத்தில் பிள்ளைகள் படித்தனர். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோ தந்த மின்னில் வானொலிச் செய்தி கேட்டனர். சவர்க்காரத்துக்குப் பதிலாகப் பனங்களியைக் கரைத்து உடுப்புத் தோய்த்தனர். பனங்களியில் நுரைக்கும் தன்மையுள்ள பொருள் இயற்கையாகவே உண்டு.

அது இன்பமான காலமென்று எவரும் கூறார். மருந்தின்றி வருந்தியோர் பலர். ஆயினும் ஊர் பட்டினியால் அழிந்துவிடவில்லை. முன்னோர் செய்து வைத்த ஏற்பாடுகள் அவ்வேளையில் கைகொடுத்தன.

முன்னோரின் ஏற்பாடுகள்

முதலாவது, நீர். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணாம்புக் கல்லினூடாக ஊறி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் நன்னீராக மிதந்து நிற்கின்றது. அந்நீரைத் துலாவினால் இறைத்தே தோட்டம் செய்தனர். துலா மிதிக்க ஒருவர், பட்டை பிடித்து இறைக்க ஒருவர், வாய்க்காலில் தண்ணீர் மாற ஒருவர் எனப் பலர் கூடினாலன்றி இறைப்பு நடவாது. மனித வலுவினால் இறைத்ததால் இறைப்புக்கும் ஓர் அளவு இருந்தது. நீர்ப்பம்பி வந்தபின் அவ்வளவு நீங்கியது. மிகையாக இறைத்தால் அடியிலுள்ள உவர்நீர் மேலேறிக் கிணறு கெட்டுவிடும்.

இரண்டாவது, மண். பூவரசு, கிளுவை முதலிய மரங்களை வேலியில் வளர்த்து, அவற்றின் குழையை வெட்டித் தோட்டத்திற் தாழ்த்தனர். மாடுகளைப் பட்டியடைத்து எருச் சேர்த்தனர். வேலி எல்லையாகவும் இருந்தது, உரமாகவும் இருந்தது.

மூன்றாவது, பனை. பனாட்டு, பனங்கட்டி, பனங்கிழங்கு, ஒடியல், புழுக்கொடியல் என உணவாகவும், ஓலையும் மரமும் வீடாகவும் பயன் தந்தது. ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டுக் கசப்பு நீக்கிய பின்பே பிட்டு அவிக்க வேண்டும். எவ்வளவு நேரம் ஊறவிடுவது, எத்தனை முறை தண்ணீரை மாற்றுவது என்பன பாட்டியின் அருகே நின்று கற்ற பாடங்கள். இன்று அதைச் சொல்லித்தர வல்லோர் ஊரில் ஒவ்வொருவராகக் குறைந்து வருகின்றனர்.

தன்னிறைவு என்பது யாது?

தன்னிறைவு என்பது அயலவரின் தயவு வேண்டாமல் தனித்து வாழ்தல் அன்று. துலாவே அதற்குச் சான்று. தூரத்தில் எங்கோ ஒன்று நின்றுபோனால் ஊரின் வாழ்வும் நின்றுபோகாதிருத்தலே தன்னிறைவு.

2021 இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது நாடெங்கும் விவசாயிகள் திகைத்தனர். 2022 இல் பொருளாதார நெருக்கடியினால் ஒரே நாளில் 13 மணிநேரம் வரை மின் தடைப்பட்டது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. போர் இல்லாத காலத்திலும் கம்பி கைவிடும் என்பதை இவை உணர்த்தின.

இன்று பல வீடுகளின் கூரையில் சோலர் தகடுகள் உள்ளன. இது நல்லதே. ஆனால் பொது மின்னுடன் மட்டும் இணைத்த தகடுகள், மின் தடைப்பட்டதும் தாமும் நின்றுவிடும். பழுது பார்ப்போரின் உயிரைக் காக்கவே அவ்வாறு அமைத்துள்ளனர். பற்றரியும் அதற்கேற்ற கருவியும் சேர்ந்தாலே இருட்டில் உதவும். அவ்வாறே சோலர் நீர்ப்பம்பிக்கு எரிபொருட் செலவில்லை என்பதற்காக நாள் முழுவதும் இறைப்பதும் தகாது. வெயில் இலவசமாயினும், கிணற்று நீர் மாரி தந்த அளவே.

ஆலயத்தின் பங்கு

ஊர் மக்கள் ஒன்றுகூடும் இடம் ஆலயமே. மாரிக்கு முன் கேணியைத் தூர்வாரி, கூரையில் விழும் மழைநீரை மண்ணிற் சேரவிடுவது பெருந்தொண்டு. ஆலய வீதியில் இலுப்பை நட்டால், பிற்காலத்தில் திருவிளக்குக்கு எண்ணெய் கிடைக்கும். வெற்றுக் காணிகளிற் பனம்விதை நடலாம். அது பலன் தர ஒரு பிள்ளை வளர்ந்து ஆளாகும் காலம் செல்லும். ஆதலால் நடுபவர் பேரப்பிள்ளைக்காகவே நடுகின்றார். அறநெறிப் பாடசாலையில் மாதம் ஒருநாள் முதியோரை அழைத்து, ஒடியல் பதப்படுத்தவும் ஓலை பின்னவும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கச் செய்யலாம். இவ்வறிவு முதியோருடன் மறைந்துவிட்டால், அடுத்த இருள் வரும்போது பனை நிற்கும். அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர் இரார்.

கணம்புல்லர் ஏற்றிய விளக்குப் போல, ஊரின் விளக்கும் எக்காலத்தும் அணையாதிருக்க எல்லாம் வல்ல இறைவன் திருவருள் பாலிப்பாராக.